இரவல் நெஞ்சு

அவரைக் காது டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வைத்தியத்தில் காதுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. விவரம் தெரியாத யாராவது, சீழ் வடியும் காதோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் சங்க அலுவலகத்துக்கு வந்து காத்திருப்பார்கள். "அவரு காதைப் பாக்கமாட்டாரும்மா, காதாலதான் பாப்பாரு" என்று வாசலில் இருப்பவர்கள் சிரித்துவிட்டு, வேறு டாக்டர் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புவார்கள்.

அவர் நடத்திய ஊர்வலங்களைப் பற்றியும், சிறைக்குப் போய் வந்ததைப் பற்றியும், கல் மில்களில் தூசியை உறிஞ்சும் குழாய் வைத்தே ஆக வேண்டும் என்று வாதாடி வாங்கியதைப் பற்றியும் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். மேடை ஏறுகிறவர்கள் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதற்கெல்லாம் முன்னால், மில்லில் சம்பளம் வாங்கும் சாதாரண டாக்டராக அவர் இருந்தபோது நடந்ததை, மில்லுக்குச் சாக்கு தைத்த ஒருத்தி வீட்டு வாசலில் நின்று பார்த்தால்தான் ஓரளவு புரியும். அதுவும் முழுக்கச் சரியாக இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. அவள் கண்ணால் கண்டது, காதில் விழுந்தது, அவ்வளவுதான். ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால் தப்பு குறையும்.

அது வெள்ளைக் கல்லை உடைத்து மாவாக அரைக்கிற மில். அந்த மாவு கண்ணாடி செய்யவும் பீங்கான் தட்டு செய்யவும் போனது. மில்லைச் சுற்றி மரம், கூரை, துணிக்கொடி, நாய் எல்லாம் ஒரே நிறம். மழை பெய்தால்தான் எது என்ன நிறம் என்று தெரியும். அரவைக் கொட்டகையில் நின்று கல்லை வாரி இயந்திரத்தின் வாயில் போடுவது அவள் புருஷன் வேலை. மாவு நிரப்பிய மூட்டைகளை வெளியே லாரியில் ஏற்றுவது அவள் தம்பி வேலை. கிழிந்து திரும்பி வரும் சாக்குகளை வீட்டில் வைத்து உதறி, கோணி ஊசியால் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. மில்லின் ஆட்கள் பட்டியலில் ஆண்கள் பெயர்தான் இருந்தது. சாக்குக்குத்தான் கணக்கு, தைத்தவளுக்கு இல்லை.

தம்பியைப் பீப்பா என்பார்கள். கழுத்துக்குக் கீழே இடுப்புவரை ஒரே அகலம். திறந்த வெளியில் வேலை செய்ததால் அவன் நெஞ்சு மட்டும் சுத்தமாக இருந்தது. அதனால் அது அவனுடையதாக மட்டும் இருக்கவில்லை.

மில்லில் நெஞ்சு பார்க்கிற நாள் என்று ஒன்று உண்டு. டாக்டர் காதில் மாட்டிய குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டு, தகுதி உண்டு என்றோ இல்லை என்றோ எழுதுவார். முன்பு இருந்த டாக்டருக்கு அரவைக்காரர்கள் தன் முகத்துக்கு நேரே இருமுவது பிடிக்கவில்லை. உள்ளே வருகிறவன் கதவருகிலேயே சட்டையைத் தூக்கி முகத்தையும் தலையையும் மூடிக்கொள்ள வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்று வழக்கம் வைத்தார். நம்பரை வாசலில் நிற்கும் காவலாளி கத்துவான். அப்புறம் டாக்டருக்கு முன்னால் நிற்பது ஒரு வயிறும் ஒரு நெஞ்சும் மட்டும்தான். அரவைக்காரர்கள் இதிலுள்ள வசதியைக் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. மூச்சு இரைக்கிறவனுடைய நம்பரைக் கூப்பிட்டால் பீப்பா போய் நிற்பான். காவலாளிக்கும் மூச்சிரைப்பு உண்டு. அவன் தலையைத் திருப்பிக்கொள்வான்.

பழைய டாக்டர் போய்ப் புது டாக்டர் வந்தார். சின்ன வயசு. குழாயை வைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். சட்டை வழக்கத்தை அவர் மாற்றவில்லை. அப்படித்தான் செய்வார்கள் போல என்று இருந்துவிட்டார்.

அன்று நெஞ்சு பார்த்துவிட்டுப் பீப்பா வீட்டுக்கு வந்தபோது அவன் நெற்றி புடைத்திருந்தது.

"அக்கா, மாட்டிக்கிட்டேன்."

அவள் ஊசியை நிறுத்தினாள். "யார்கிட்டடா?"

"டாக்டர்கிட்ட."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவள் புருஷன் கேட்டான். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் அவன் உட்கார்ந்தேதான் தூங்குவான். "மூஞ்சிய மூடித்தானே மச்சான் போன?"

"மூடித்தான் போனேன் மாமா. மூஞ்சிய யாரு பாத்தா? நெஞ்சைப் பாத்துட்டாரு."

"நெஞ்சைப் பாக்கத்தானடா போன."

"சிரிக்காதீங்க மாமா, இருமல் வந்துரும். மொதல்ல ஆயில் அண்ணன் நம்பருக்குப் போனேன். நல்லா இருக்குன்னு எழுதினாரு. அப்புறம் சல்லடைக்காரருக்குப் போனேன். அதுவும் ஆச்சு. உங்க நம்பருக்குப் போறேன், குழாய வெச்சவரு எடுக்கவே மாட்டேங்கறாரு. கண்ண வேற மூடிட்டாரா, தூங்கிட்டாரோன்னு நெனச்சேன். அப்புறம் மெதுவா சொல்றாரு, 'இந்த நெஞ்சை நான் காலைலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன். தாழ்ப்பாள் விழற மாதிரி ஒரு சின்னச் சத்தம் இதுல இருக்கு. ஒரே மில்லுல இத்தனை பேருக்கு அது இருக்காது. சட்டைய எறக்குங்க'ன்னாரு."

"எறக்கினியா?"

"ஓடி வந்துட்டேன்."

"மூஞ்சிய மூடிக்கிட்டேவா?"

"அதான் கதவுல இடிச்சுக்கிட்டேன்."

புருஷன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ரொம்ப நேரமானது. அவள் முதுகைத் தடவிக்கொண்டே தம்பியைப் பார்த்தாள். "உன் நெஞ்சுல என்னடா தாழ்ப்பாள்?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் உள்ள போயா பாத்தேன்?"

சாயங்காலம் டாக்டரே வந்துவிட்டார். தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைந்தவர், சாக்குக் குவியலுக்கும் அடுப்புக்கும் நடுவில் கால் வைக்க இடம் தேடினார். பீப்பா பின்பக்கமாக நழுவப் பார்த்தான்.

"இருங்க. உங்க நெஞ்சுக்கு ஒண்ணும் இல்ல. பிறவிலேயே சில பேருக்கு அந்தச் சத்தம் இருக்கும், அது பாட்டுக்கு இருக்கும். உங்ககிட்ட கடன் வாங்கினவர் யாருன்னுதான் பாக்க வந்தேன்."

"நான்தாங்க" என்று அவள் புருஷன் பள்ளிக்கூடத்தில்போலக் கையைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் சட்டையை முகத்துக்கு மேலே ஏற்றிக்கொண்டான். யாரும் சொல்லாமலே.

டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் குழாயை வைத்தார். முதுகில் வைத்தார், விலாவில் வைத்தார். நகத்தைப் பார்த்தார், நீலமாக இருந்தது. எழுந்து நின்று சொன்னார்: "நீங்க எப்பவோ அந்தக் கொட்டகைய விட்டு வெளிய வந்திருக்கணும்."

"நெஞ்சு சரியில்லேன்னா வேலை இல்லீங்க. வேலை இல்லேன்னா நெஞ்சை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"அப்படி இல்ல. தூசியால வந்த நோய்னு நான் எழுதறேன். தூசி இல்லாத வேலை குடுக்கணும், மருந்து மில்லு செலவுன்னு எழுதறேன். சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு."

"எழுதினா குடுப்பாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"டாக்டர் எழுதினா குடுத்துத்தான் ஆகணும்மா."

அவள் அவருடைய செருப்பைப் பார்த்தாள். புதுசு. வாசலிலிருந்து உள்ளே வருவதற்குள் அதன் மேல் வெள்ளை படிந்திருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் மேல் மெல்லிய ஏடு மிதந்தது. அவர் அதைப் பார்த்தார், ஊதிவிட்டுக் குடித்தார். அவள் தொண்டையைச் செருமினாள். டாக்டர் நிமிர்ந்தார்.

"கோணி நூலுங்க" என்றாள். "தொண்டைல ஒட்டிக்கும்."

அவர் எழுதினார். நல்ல மனசோடுதான் எழுதினார். அடுத்த வாரம் அவள் புருஷனை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். வேறு வேலை கிடைக்கப்போகிறது என்று அவன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனான். எடை போடுகிற இடமாக இருந்தால் நல்லது, அங்கே ஸ்டூல் இருக்கிறது என்று போகும்போதே சொன்னான். திரும்பி வருகையில் பீப்பா அவனை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"என்னடா சொன்னாங்க?"

"தகுதி இல்லேன்னு உங்க டாக்டரே எழுதிட்டாரு, இனிமே வராதன்னாங்க."

"மத்ததெல்லாம்? மருந்து, வேற வேலை?"

பீப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "முன்னாடி பாத்தப்பல்லாம் நெஞ்சு சுத்தம்னு இருக்காம். மில்லுல இத்தனை வருஷம் நின்னு கெடாத நெஞ்சு இப்ப திடீர்னு கெட்டுதுன்னா அது மில்லால இல்லையாம். வீட்ல பீடி புடிச்சிருப்பான்னு சொல்றாங்க."

அவன் வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை. பீடிப் புகைக்கு அந்த நெஞ்சில் இடமும் இல்லை.

சுத்தமாக இருந்தது தன் நெஞ்சுதான் என்று பீப்பாவுக்குத் தெரியும். மாமாவைக் காப்பாற்றப் போய் நின்ற ஒவ்வொரு தடவையும் அவர் கழுத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டபோது ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

அவள் சாப்பிடவே இல்லை. தைக்க வைத்திருந்த சாக்குகளில் ஒன்றை உதறாமல் அப்படியே தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். ஆஸ்பத்திரி என்றால் மில் கேட்டுக்குள் இருக்கும் ஒரு அறை. மேஜை, நாற்காலி, கண்ணாடி அலமாரி, ஜன்னல். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"எழுதினா குடுத்துத்தான் ஆகணும்னு சொன்னீங்களே. குடுத்துட்டாங்க."

அவர் முகம் மலர்ந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வீட்டுக்குப் போன்னு குடுத்துட்டாங்க. பீடின்னு ஒரு பேரும் சேத்துக் குடுத்திருக்காங்க."

"நான் அப்படி எழுதலம்மா. தூசியாலன்னு தெளிவா எழுதினேன்."

"நீங்க எவ்வளவு எழுதினீங்களோ எனக்குத் தெரியாது. மேனேஜருக்கு வேண்டியது தகுதி இல்லேங்கற ஒரே வார்த்தை. அதை உங்க கையாலயே குடுத்துட்டீங்க. நேத்து வரைக்கும் என் புருஷன் பொய் நெஞ்சோட இருந்தாரு, சம்பளத்தோட இருந்தாரு. நீங்க உண்மைய எழுதினீங்க, உண்மையத்தான் இப்ப ஆக்கித் திங்கணும்."

டாக்டர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். மூஞ்சிய மூடிக்கிட்டு வரணும்னு யாரு வெச்சது? எங்க ஆளுங்க மூஞ்சி அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

"அது எனக்கு முன்னாடி இருந்தவர் வெச்சது."

"அவர் போயாச்சு. நீங்க ஏன் எறக்கச் சொல்லல?"

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

"என் தம்பி நெஞ்சு உங்களுக்கு ஞாபகம் இருக்கு. தாழ்ப்பாள் சத்தமெல்லாம் சொல்றீங்க. நெஞ்சை விட மூஞ்சி பெருசில்லையா? வந்த மொத நாளே மூஞ்சியப் பாத்திருந்தா யாரு யாருன்னு தெரிஞ்சிருக்கும். என் புருஷன் எப்பவோ வெளிய வந்திருப்பாரு, நகம் நீலமாகறதுக்கு முன்னாடி. எல்லாரும் நல்லவங்கதான். கண்ண மூடிக்கிட்டு நல்லவங்களா இருக்கீங்க."

தோளில் இருந்த சாக்கை இரண்டு கையாலும் பிடித்து அந்த அறைக்கு நடுவில் உதறினாள். வெள்ளை எழும்பி, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, நிதானமாக இறங்கியது. மேஜை மேலும் மருந்து அலமாரி மேலும் டாக்டரின் தலை மேலும் படிந்தது. அவர் இருமினார். கண்ணில் நீர் வர இருமினார்.

"இது ஒரு சாக்கு" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

தைத்த சாக்குகளை எண்ணி ஒப்படைக்கும் இடம் மேனேஜர் அறை ஜன்னலுக்குக் கீழே. மறுநாள் காலை அவள் அங்கே வரிசையில் குந்தியிருந்தபோது டாக்டர் உள்ளே போவதைப் பார்த்தாள். தலைமுடியில் இன்னும் வெள்ளை இருந்ததா, அவளுக்கு அப்படித் தோன்றியதா, நிச்சயமில்லை. ஆனால் உள்ளே பேசியது எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"அவருக்கு வந்தது தூசி நோய். கொட்டகைல நிக்கற எல்லாருக்கும் வந்துக்கிட்டிருக்கு."

"அதுக்குத்தானே டாக்டர் ஷிப்ட் முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு வாழைப்பழம் குடுக்கறோம். பழம் தூசியச் சுத்திக்கிட்டு வயித்துக்குள்ள போயிரும்."

"தூசி போறது நுரையீரலுக்கு. பழம் போறது வயித்துக்கு. ரெண்டும் உள்ள சந்திச்சுக்கறதே இல்ல."

"இத்தனை வருஷமா குடுக்கறோம். யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல."

"அவருக்கு வேற வேலை குடுங்கன்னு எழுதியிருந்தேன்."

"தகுதி இல்லேன்னும் எழுதியிருந்தீங்க. தகுதி இல்லாதவன அரவைக்குள்ள விட்டா போலீஸ் என்னைத்தான் புடிக்கும். சட்டத்த மீறச் சொல்றீங்களா?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டர் கேட்டார்: "எல்லாருக்கும் தகுதி இல்லேன்னு நான் எழுதினா?"

மேனேஜர் சிரித்தார். கோபமில்லாத, பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பு. "எப்படி எழுதுவீங்க? உங்க முன்னாடி வந்து நிக்கறது நல்ல நெஞ்சுதானே."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"மில்லு நடத்தறவனுக்கு இது தெரியாதா? அந்த மூட்டை தூக்கறவன் இருக்கானே, அவன் நெஞ்சு இந்த மில்லுக்கே ஒரு சொத்து. அவனுக்கு வேணும்னா ரெண்டு பழம் குடுத்துரலாம்."

எண்ணுகிறவன் "அடுத்து" என்றான். அவள் எழுந்திருக்கவில்லை. அவன் இன்னொரு தடவை சொன்னான். சாக்குகளை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள்.

தெருக்கோடியில் குழாயடி. ஷிப்ட் முடிந்தவர்கள் முகம் கழுவ வருவார்கள். கழுவினால்தான் யார் மாமன், யார் மச்சான் என்று தெரியும். அவள் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, கேட்டதை அப்படியே சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"அவனுக்குத் தெரியுமா?" என்று சல்லடைக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். "நாம ஏமாத்தறோம்னு நெனச்சுக்கிட்டு, பயந்து பயந்து ஒளிஞ்சு நின்னோமே. அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் பழம் குடுத்தான்" என்றார் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுகிறவர். அவரை ஆயில் என்பார்கள். அங்கே வயசில் மூத்தவர், வாய்த் துடுக்கு. "குரங்குக்குக் கூட வேடிக்கை காட்டினாத்தான் பழம் குடுப்பாங்க. நாமளும் காட்டியிருக்கோம்."

அந்த நேரத்தில்தான் டாக்டர் வந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. வழியும் விடவில்லை. அவர் சேற்றில் நின்றே பேசினார். அடுத்த வாரம் மறுபடி நெஞ்சு பார்க்கப் போவதாகச் சொன்னார். ஒவ்வொருவரும் சொந்த நெஞ்சோடு, மூடாத முகத்தோடு வந்தால் உள்ளதை உள்ளபடி எழுதுவதாகவும், அப்படி எழுதினால் கொட்டகைக்குள் போக ஆளே இருக்காது என்றும் சொன்னார்.

"அப்ப எல்லாருக்கும் வேலை போயிரும்" என்றார் ஆயில்.

"ஒருத்தரை அனுப்பினா அவர் வீட்டுக்குப் போவாரு. எல்லாரையும் அனுப்பினா மில்லு நின்னுரும். நின்ன மில்லுல மாவு வராது. அப்ப உங்களோட பேசித்தான் ஆகணும். தூசி உறிஞ்சற குழாய், நோய் வந்தவங்களுக்குச் சம்பளம், வேற வேலை. கேக்கலாம்."

"நல்லாத்தான் இருக்கு கேக்கறதுக்கு. நீங்க எழுதுவீங்க, நாங்க தெருவுல நிப்போம். நீங்க வேற ஊர்ல போயி பேர்ப்பலகை மாட்டிக்குவீங்க."

"போகமாட்டேன்."

"எதை வெச்சு நம்பறது?"

டாக்டர் யோசித்தார். "நம்பறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. போன தடவை என்ன நம்பினவர் வீடு எப்படி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

அந்தப் பதில் யாரும் எதிர்பார்த்தது இல்லை. சல்லடைக்காரர் மட்டும், "பேசக் கத்துக்காத ஆளா இருக்காரே" என்று முணுமுணுத்தார்.

அவள் புருஷன் வாசலிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்துக் குழாயடிக்கு வந்து சேர்ந்திருந்தான். மூச்சு வாங்கி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். "மச்சான்" என்றான். "இனிமே யாருக்கும் நெஞ்சைக் குடுக்காத. குடுத்தா என் மூஞ்சில முழிக்காத."

"குடுக்கமாட்டேன் மாமா."

"எனக்கே கேட்டாலும்."

"குடுக்கமாட்டேன்."

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் கணக்குப் போட்டாள். இப்போது வீட்டில் சம்பளம் என்று வருவது தம்பியுடையது மட்டும்தான். அவன் நெஞ்சு நல்ல நெஞ்சு. டாக்டர் உள்ளபடி எழுதினால் அவனுக்குத் தகுதி உண்டு என்றுதான் வரும். அவனுக்கு வேலை இருக்கும். யார் வீட்டு அடுப்பு அணைந்தாலும் தன் வீட்டில் எரியும். இப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

நெஞ்சு பார்க்கிற நாள் வந்தது. தம்பிக்கு ரொட்டியும் வெங்காயமும் தூக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு அவளே கேட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரி ஜன்னல் கேட்டைப் பார்த்துத்தான் இருந்தது. காவலாளி நம்பரைக் கத்தினான். முதலில் ஆயில் போனார். பழக்கத்தில் கை சட்டையைத் தூக்கியது.

"எறக்குங்க" என்றார் டாக்டர். "மூஞ்சியப் பாக்கணும்."

ஆயில் இறக்கினார். நெஞ்சு கெடுவதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் அந்த அறைக்குப் போய் வந்தவர், அறையை அன்றுதான் பார்த்தார். "ஜன்னல்லாம் இருக்கு" என்றார் வெளியே வந்து. தூசியால் நெஞ்சு கெட்டது, அரவைக்குத் தகுதி இல்லை என்ற சீட்டு அவர் கையில் இருந்தது. சல்லடைக்காரர் கையிலும் அதே. கல் வாருகிறவர்கள், மாவு அள்ளுகிறவர்கள், சின்ன வயசுக்காரர்கள், ஒவ்வொருவராக முகத்தோடு உள்ளே போய் முகத்தோடு வெளியே வந்தார்கள். சிலர் அழுதுகொண்டு வந்தார்கள். தெரியாமல் இருந்தபோது கொட்டகையில் நிற்க முடிந்தது, இனிமேல் முடியாது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. காவலாளி கடைசியில் தன்னுடைய நம்பரையும் தானே கத்திவிட்டு உள்ளே போனான்.

கொட்டகைக்குள் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்தத் தெருவில் பிறந்தவர்கள் அந்த அமைதியைக் கேட்டதே இல்லை. யாரோ பேசினால் கத்துவதுபோல இருந்தது. அத்தனை காலமும் எல்லாரும் கத்தித்தான் பேசியிருக்கிறார்கள்.

பீப்பா கடைசி. குழாய் அவன் நெஞ்சில் ரொம்ப நேரம் இருந்தது.

"தகுதி உண்டு" என்றார் டாக்டர்.

"எனக்கும் இல்லேன்னு எழுதிருங்க. எல்லாரோடயும் சேத்துருங்க."

"முடியாது. இதுல ஒண்ணு பொய்யா இருந்தா எல்லாத்தையும் பொய்னு சொல்லிருவாங்க. உங்க நெஞ்சு நல்லா இருக்கு. நல்லா இருக்குன்னுதான் எழுத முடியும்."

"எத்தனையோ பேருக்காக நல்லா இருந்துச்சு. இன்னைக்கு ஒரு நாள் கெட்டுப்போகக் கூடாதா?"

டாக்டர் சிரிக்கவில்லை. சீட்டைக் கொடுத்தார்.

மேனேஜர் முற்றத்தில் வேர்த்து நின்றார். லாரிகள் வெளியே நின்றுகொண்டு ஹாரன் அடித்தன. பீப்பாவின் சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. தோளில் கை போட்டார். "ஒருத்தனாவது மனுஷனா இருக்கானே. வா, நீ அரவைக்குள்ள போ. ஒரு மிஷின் ஓடினாப் போதும், மத்தவன்லாம் தானா வழிக்கு வருவான். அரவைச் சம்பளம் உனக்கு. உங்க மாமா நின்ன எடந்தான், உனக்குப் புதுசா?"

பீப்பா அசையவில்லை. கேட்டுக்கு வெளியே நின்ற அக்காவைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் அவள்தான் முடிவு செய்து பழக்கம். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஆயில் பார்த்தார். சீட்டு பிடித்த கைகளோடு அத்தனை பேரும் பார்த்தார்கள். போ என்று சொன்னால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டில் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு தூங்குகிறான். மருந்து வாங்க வேண்டும். அரவைச் சம்பளம் மூட்டைச் சம்பளத்தைவிடக் கூட.

உங்க மாமா நின்ன எடந்தான். அந்த இடம் அவளுக்குத் தெரியும். ஒருமுறை மழையில் குடை கொண்டுபோய்க் கொடுத்தபோது எட்டிப் பார்த்திருக்கிறாள். தரையில் இரண்டு பாதம் பதிந்து தேய்ந்த பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தில் போய் நிற்கத்தான் இப்போது கூப்பிடுகிறார்கள். வீட்டில் மிச்சம் இருக்கிற ஒரே நெஞ்சு.

அவள் தொண்டையைச் செருமினாள். மில் ஓடாததால் அது எல்லாருக்கும் கேட்டது.

"டேய். வெளிய வா. சாப்பாட்டு நேரமாச்சு."

"இன்னும் மணி அடிக்கலையே" என்றார் மேனேஜர்.

"என் தம்பிக்குப் பசிக்கறது உங்க மணி அடிச்சா இல்ல."

கேட்டுக்கு வெளியே கல் குவியலுக்குப் பக்கத்தில் முந்தானையால் ஒரு இடத்தைத் துடைத்து, தூக்கைத் திறந்து வைத்தாள். பீப்பா மேனேஜரின் கையைத் தோளிலிருந்து மரியாதையாக எடுத்து வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தான். ரொட்டியைப் பிட்டான்.

"உனக்குத் தகுதி இருக்குடா" என்று உள்ளே இருந்து மேனேஜர் கத்தினார். "டாக்டரே எழுதியிருக்காரு."

"தகுதி இருக்குங்க" என்றான் பீப்பா வாய் நிறைய. "வரமாட்டேன்."

நோய் என்று சீட்டு வாங்கியவர்கள் வெளியே நிற்கச் சட்டம் இருந்தது. எந்தச் சட்டமும் இல்லாமல் அன்று வெளியே உட்கார்ந்தவன் அவன் ஒருத்தன்தான். பின்னால் வந்த பெரிய வேலைநிறுத்தத்தை அந்தத் தெருக்காரர்கள் அந்த ரொட்டியிலிருந்துதான் கணக்கு வைப்பார்கள். அது நினைத்ததைவிட நீண்டது. பட்டினி கிடந்தார்கள். தூசி உறிஞ்சும் குழாய் வருவதற்கு முன்னால் ஆயில் போய்விட்டார், அவளுடைய புருஷனும் போய்விட்டான். தூசியால் என்று எழுதப்பட்டுப் போனான். பீடி என்ற பேர் அவனோடு போகவில்லை.

சீட்டு எழுதிய அன்று மதியமே டாக்டரையும் வெளியே அனுப்பினார்கள். அவர் பையை ஒரு கையிலும் நாற்காலியை இன்னொரு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்காலி மில்லுடையது என்று யாரோ கத்தியதற்கு, என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். கல் குவியலுக்குப் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டு, தான் உட்காராமல் நின்றார். எதற்குக் கொண்டுவந்தோம் என்று அவருக்கே தெரியாதவர்போல.

அவள் மறுபடி செருமினாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இருமினாள்.

"எவ்வளவு நாளா?" என்றார் டாக்டர்.

"கோணி நூலுங்க. சொன்னேனே."

"உங்கள இது வரைக்கும் யாராவது பாத்திருக்காங்களா?"

"என் பேரு எங்கயும் இல்லீங்களே. பட்டியல்ல ஆம்பளைங்கதான்."

டாக்டர் நாற்காலியைக் காட்டினார். அன்று உட்காராதவள் இன்று உட்கார்ந்தாள். குழாயை அவர் பையிலிருந்து எடுத்ததைப் பார்த்ததும் அவள் கை தானாக முந்தானையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டது. எத்தனை தடவை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள், இப்படித்தான் செய்ய வேண்டும் போல.

"மூட வேண்டாம்மா" என்றார்.

அவள் இறக்கினாள். சுற்றி நின்ற அத்தனை பேர் முகமும் தெரிந்தது. டாக்டர் குனிந்து குழாயை அவள் முதுகில் வைத்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. மில்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.